ஒற்றைத் தாள்

பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று பார்க்கும் சோதனை, மொத்தமே ஒரு தாள்தான். தனி எழுத்துகள் கொஞ்சம், சின்னச் சொற்கள் கொஞ்சம், ஒன்றாம் வகுப்புக்கான நாலு வரி, இரண்டாம் வகுப்புக்கான குட்டிக் கதை. பிள்ளையிடம் முதலில் அந்த நாலு வரியைக் காட்டுவார்கள். படித்துவிட்டால் கதை. தடுமாறினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் போதும். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இதன் பூர்வீகம் மும்பை. வேதியியல் படித்த மாதவ் சவானும் சமூகப்பணிக் கல்லூரியில் கற்பித்த ஃபரீதா லாம்பேயும் 1990களின் நடுவில் ‘பிரதம்’ அமைப்பைத் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் பால்வாடிகளை நடத்தினார்கள். கட்டடத்துக்காகக் காத்திருக்கவில்லை. யாராவது ஒருவரின் வீடு, கோயில், மசூதி, கட்சி அலுவலகம் என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் வகுப்பு நடந்தது. நடத்தியவர்கள் அந்தந்தப் பகுதியிலேயே குடியிருந்த பெண்கள்.

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில், தமிழ் உட்படப் பல மொழிகளில் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளைகளும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று ஏறியும் போனார்கள், வாசிக்கத் தெரியாமலே. ‘பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு’ என்று சொல்லியே பழகிய நாட்டுக்கு, அனுப்பியபின் என்ன ஆகிறது என்ற கேள்வி தோன்ற வெகுகாலம் பிடித்தது.

இந்த இடத்தில்தான் ‘பால்சகி’ வந்தார். பள்ளிப்படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண். இரண்டு வாரப் பயிற்சி, மாதம் 500 முதல் 750 ரூபாய். பின்தங்கிய பிள்ளைகள் பதினைந்து இருபது பேரைத் தனியே அழைத்துப் போய், தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுப்பார். வயதையும் வகுப்பையும் விட்டுவிட்டு, எது தெரியுமோ அதை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் இந்த வழிக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. 2000களின் தொடக்கத்தில் உருவான தாள் அதற்குத்தான். நாளைக் காலை யாருக்கு எழுத்து, யாருக்குக் கதை என்று முடிவு செய்வதைத் தவிர அதற்கு வேறு லட்சியம் கிடையாது.

மும்பையிலும் வடோதராவிலும் பால்சகிகளின் வேலையைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். முதல் ஆண்டின் பலன் இரண்டாம் ஆண்டில் இரட்டிப்பானது. கடைசி வரிசைப் பிள்ளைகளே அதிகம் தேறினார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பலனில் பெரும்பகுதி கரைந்திருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. மேடைகளில் இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாளின் போக்கு மாறியது 2005இல். பிரதமின் ருக்மிணி பானர்ஜியின் தலைமையில் ‘அசர்’ கணக்கெடுப்பு அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. ஊருக்கு இருபது வீடு. பள்ளிக்குப் போகாத பிள்ளையும் விட்டுப்போகக்கூடாது என்பதால் வீட்டு வாசலிலேயே சோதனை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புக் கதை படிக்க வரவில்லை என்பது ஆண்டுக்காண்டு தலைப்புச் செய்தியானது. பிறகு பாகிஸ்தான், கென்யா, தான்சானியா, உகாண்டா, மெக்சிகோ என்று தாள் எல்லை கடந்தது.

பயணம் நீள நீள, தாள் தெர்மாமீட்டர் ஆகிவிட்டது என்பது என் குறை. எந்த மாநிலம் மேலே, எந்த மாநிலம் கீழே என்று அறிக்கை வந்ததும் தொலைக்காட்சியில் சண்டை நடக்கும். கதைக்குத் திணறிய அந்தப் பிள்ளைக்கு மறுநாள் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என்ற பேச்சு அதில் வராது. நகரத்தில் பிறந்த கருவி. அசரோ கிராமங்களை மட்டுமே கணக்கெடுக்கிறது. மும்பைச் சந்துப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. ஜாம்பியாவில் ஓரளவு பழைய வேலை மீண்டும் நடக்கிறது. அங்கே 2016 முதல் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இத்தகைய சோதனையை வைத்துப் பிள்ளைகளைக் குழு பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள்.

பால்சகியை நினைவூட்டும் முயற்சி ஒன்று தமிழ்நாட்டிலும் வந்தது. கொரோனாவுக்குப் பின், 2021 அக்டோபரில், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். பால்சகிக்கும் இவர்களுக்கும் இடையில் இருபது ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. இந்தத் தன்னார்வலர்களுக்கு நிர்ணயித்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.