சிபில் ஸ்கோரே இல்லையா? முதல் சம்பளக்காரர்கள் கடன் வரலாற்றைத் தொடங்குவது எப்படி?

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. கையில் பே ஸ்லிப் இருக்கு. யாரிடமும் ஒரு ரூபாய் கடன் கிடையாது. பைக் வாங்கலாம் என்று ஷோரூமுக்குப் போனால், பைனான்ஸ் பார்ப்பவர் பான் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சிபில் ஹிஸ்டரியே இல்லையே" என்கிறார். முன்பணம் அதிகம் கட்டணும், வட்டி கொஞ்சம் கூடும், இல்லன்னா அப்பாவை கூட்டிட்டு வாங்க என்று பேச்சு போகிறது.

"கடனே வாங்காம இருந்தது ஒரு தப்பா?" என்ற கேள்வி வருவது இங்கேதான். தப்பே இல்லை. ஆனால் கடன் வாங்காதவர் எப்படிப்பட்டவர் என்று வங்கிக்குத் தெரிய வழியில்லை. வாங்கி ஒழுங்காகக் கட்டியவரைப் பற்றி மட்டும்தான் அதனிடம் பதிவு இருக்கும். அந்தப் பதிவை சிக்கலில் மாட்டாமல் எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

சிபில் ஸ்கோர் என்றால் என்ன?

2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம் சிபில். இப்போது அதன் பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். இதேபோல எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று மேலும் 3 நிறுவனங்கள் இந்தியாவில் செயல்படுகின்றன. நான்கும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருப்பவை.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் இவர்களிடம் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த விவரங்களை வைத்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பொதுவாக 750க்கு மேல் இருந்தால் நல்ல ஸ்கோர் என்று வங்கிகள் பார்க்கின்றன.

மைனஸ் 1 என்று காட்டுகிறதே, அது மோசமா?

இல்லை. மைனஸ் 1 அல்லது என்ஹெச் என்று வந்தால், மதிப்பெண் போடும் அளவுக்குக் கடன் வரலாறு இல்லை என்றுதான் பொருள். கடனைக் கட்டாமல் 550க்கு இறங்கியவரும் இவரும் ஒன்றல்ல.

முக்கியமான ஒரு விஷயம். முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தனது 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. கடன் கொடுக்க இத்தனை ஸ்கோர் கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை இணை அமைச்சர் மக்களவையில் அளித்த பதிலிலும் இது உறுதி செய்யப்பட்டது.

அப்போ கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுத்தே ஆகணுமா? அப்படியும் இல்லை. வருமானம், வேலை, வங்கிக் கணக்கின் போக்கு ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. "ஹிஸ்டரி இல்லை, அதனால முடியாது" என்று மட்டும் சொன்னால், எழுத்தில் காரணம் கேட்கலாம்.

எதெல்லாம் கணக்கில் வரும்? எதெல்லாம் வராது?

இளைஞர்கள் அதிகம் குழம்புவது இதில்தான்.

கணக்கில் வருபவை: கிரெடிட் கார்டு, கல்விக் கடன், பைக் கடன், தனிநபர் கடன், மொபைல் கடையில் போடும் இஎம்ஐ, வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைக்கும் நகைக் கடன், ஆப் மூலம் வாங்கும் கடன். "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" என்று ஷாப்பிங் ஆப்பில் வரும் வசதியும் பெரும்பாலும் கடன் கணக்காகவே பதிவாகிறது.

கணக்கில் வராதவை: டெபிட் கார்டு செலவு, வங்கிக் கணக்கிலிருந்து போகும் யுபிஐ, சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம், எஃப்டி. தெருமுனை அடகுக் கடையில் நகை வைத்து மாதாமாதம் தவறாமல் வட்டி கட்டினாலும் அது ரிப்போர்ட்டில் வராது. அக்கம்பக்கத்தில் பிடிக்கும் சீட்டுக்கும் இதே நிலைமைதான்.

அதாவது, 5 லட்சம் சேமித்து வைத்திருப்பவருக்கு ஸ்கோர் இல்லாமல் இருக்கலாம். 12 ஆயிரம் ரூபாய் போனுக்கு ஒழுங்காக இஎம்ஐ கட்டியவருக்கு நல்ல ஸ்கோர் இருக்கலாம். இந்த மதிப்பெண் பார்ப்பது வசதியை அல்ல, கட்டும் பழக்கத்தை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

1. எஃப்டி கொடுத்து கிரெடிட் கார்டு: வரலாறு இல்லாதவர்களுக்கு இதுதான் சுலபமான வழி. வங்கியில் ஒரு தொகையை எஃப்டி போட்டால், அதை ஈடாக வைத்து கார்டு தருவார்கள். சம்பளச் சான்று பெரும்பாலும் கேட்பதில்லை. எஃப்டிக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். கார்டின் லிமிட் எஃப்டி தொகையில் ஒரு பங்காக இருக்கும். வங்கிக்கு வங்கி இது மாறும். பில்லைக் கட்டாவிட்டால் வங்கி அந்த எஃப்டியில் கை வைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

2. சம்பளக் கணக்கு உள்ள வங்கி: மாதாமாதம் சம்பளம் வருவது அந்த வங்கியின் கண்ணெதிரே இருக்கும். அதனால் மற்ற வங்கிகள் தயங்கினாலும் இங்கே சிறிய லிமிட்டில் கார்டு கிடைக்க வாய்ப்பு உண்டு.

3. கல்விக் கடன்: பலருக்குத் தெரியாமலே முதல் பதிவு இதுவாகத்தான் இருக்கும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்பு முடிந்து 1 ஆண்டு வரை தவணை கட்ட அவகாசம் உண்டு. அது முடியும் தேதியை மறந்துவிட்டால், வேலைக்குப் போகும் நேரத்திலேயே ரிப்போர்ட்டில் பாக்கி ஏறிவிடும். கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மாவின் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும்.

ஸ்கோர் வேண்டும் என்பதற்காகத் தேவையில்லாத கடன் வாங்கி வட்டி கட்டுவது வீண். எப்படியும் செய்யப்போகும் செலவை கார்டு வழியாகச் செய்து, முழுசாகக் கட்டினாலே போதும்.

கார்டு வந்தாச்சு... எப்படிப் பயன்படுத்துவது?

உதாரணமாக, லிமிட் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 4,800 ரூபாய்க்குள், அதாவது 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொள்வது நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். பெட்ரோல், மொபைல் ரீசார்ஜ், கரண்ட் பில் மாதிரி எப்படியும் வரும் செலவுகளை மட்டும் கார்டில் போடலாம். லிமிட்டை ஒவ்வொரு மாதமும் விளிம்பு வரை தொட்டால், கையில் பணம் இல்லாதவர் என்ற எண்ணம் வங்கிக்கு வரும்.

பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்தத் தொகை, இன்னொன்று குறைந்தபட்சத் தொகை. பலர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது எண்ணில்தான். 10,000 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய் கட்டினால் போதும் என்று இருக்கும். கட்டினால் தாமதக் கட்டணம் வராது, பாக்கி என்ற பதிவும் ஏறாது. ஆனால் மீதித் தொகைக்கு வட்டி ஓடும்; மாதம் 3.5 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 42 சதவீதம் ஆகிவிடும். அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. அடுத்து வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. இப்படித்தான் சின்ன பாக்கி பெரிய கடனாகிறது.

கடைசித் தேதி தவறிவிட்டால் பதற வேண்டாம். கெடு முடிந்து 3 நாட்களுக்கு மேல் பாக்கி இருந்தால்தான் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவோ, தாமதக் கட்டணம் போடவோ முடியும் என்கிறது ரிசர்வ் வங்கி விதி. மறதிக்காரர்கள் முழுத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போட்டுவிடலாம்.

ஸ்கோரை உடைக்கும் 4 தவறுகள்

நண்பனுக்காக நம் பெயரில் இஎம்ஐ: "மச்சான், உன் பேர்ல போன் எடுத்துக் கொடு, மாசாமாசம் ஜிபே பண்ணிடுறேன்" என்பது ஹாஸ்டல்களில் சகஜம். மூன்றாவது மாதம் பணம் வராமல் போனால் பாக்கி பதிவாவது நண்பனின் பான் நம்பரில் அல்ல. ஜாமீன் கையெழுத்தும் இதே கதைதான். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரின் ரிப்போர்ட்டிலும் அது தெரியும்.

ஒரே வாரத்தில் பல இடங்களில் விண்ணப்பம்: ஒவ்வொரு முறை கடன் கேட்கும்போதும் நிறுவனம் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறது. அதுவும் பதிவாகும். நான்கைந்து ஆப்பில் அடுத்தடுத்து முயன்றால், அவசரத்தில் இருப்பவர் என்று தெரிந்து ஸ்கோர் குறையும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது.

செட்டில்மென்ட்: "8,000 ரூபாய் பாக்கிக்கு 4,000 கட்டினா போதும், முடிச்சிடலாம்" என்று போன் வரும். கட்டியதும் கணக்கு முடிந்துவிடும், ஆனால் ரிப்போர்ட்டில் ‘குளோஸ்டு’ என்று வராது. ‘செட்டில்டு’ என்று வரும். முழுசாகக் கட்டவில்லை என்பதற்கு அது அடையாளம். முடிந்தவரை முழுத் தொகையைக் கட்டி, என்ஓசி வாங்கி வைப்பதே நல்லது.

பழைய கார்டைத் தூக்கிப் போடுவது: வரலாறு நீளமாக இருப்பது பலம். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, தகவல் தெரிவித்துவிட்டு வங்கியே மூடும் நடைமுறையும் உண்டு. ஆண்டுக் கட்டணம் இல்லாத முதல் கார்டு என்றால் அவ்வப்போது சின்னச் செலவுக்குப் பயன்படுத்தலாம்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனத்துக்கு

பாதிப்பு கடனோடு நிற்பதில்லை, வேலை வரைக்கும் வருகிறது. எஸ்பிஐ அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் அறிக்கையில் பாதகமான பதிவுகள் இருந்ததால் ரத்து செய்யப்பட்டது. கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். ஆனால் 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு சரி என்றே தீர்ப்பளித்தது. பின்னாளில் அடைத்தாலும், இடையில் தவறியது பதிவில் நிற்கும் என்பதற்கு இது கண்முன் இருக்கும் உதாரணம்.

ஐபிபிஎஸ் அறிவிப்புகளிலும் நல்ல கடன் வரலாறு வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. கடனே வாங்காதவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. கல்விக் கடனோ, ஆப் கடனோ பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்வு எழுதும் முன்பே ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டை இலவசமாகப் பார்ப்பது எப்படி?

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் இணையதளத்தில் பான் நம்பர், பிறந்த தேதி, மொபைலுக்கு வரும் ஓடிபி கொடுத்தால் போதும். நான்கையும் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பார்த்தால், ஆண்டு முழுக்கச் செலவில்லாமல் கண்காணிக்கலாம்.

பார்க்க வேண்டியவை இவை: பெயர், பான், பிறந்த தேதி சரியா? நாம் வாங்காத கடன் ஏதாவது நம் பெயரில் இருக்கிறதா? மாதவாரிக் கட்டத்தில் ‘000’ என்று இருந்தால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030, 060 என்று இருந்தால் அத்தனை நாள் தாமதம்.

தவறு இருந்தால் அந்த இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும்?

முதல் கார்டோ கடனோ தொடங்கி பொதுவாக 6 மாதத்தில் ஸ்கோர் தெரிய ஆரம்பிக்கும். "ஒரே வாரத்தில் 800 ஆக்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். சரியான பதிவை யாராலும் காசு வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது. சிபில் ரிப்போர்ட்டில் 36 மாதம் வரையிலான கட்டண விவரம் தெரியும். இன்று தவறவிடும் ஒரு இஎம்ஐ, மூன்று ஆண்டு கழித்து வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதும் அந்தப் பட்டியலில் இருக்கலாம்.