பாரிசில் வரைந்த எல்லை

திருவண்ணாமலையில் பதினொரு நிலை இராசகோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர், அதன் இருபுறமும் ஓடும் மதிலை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் படைத்தலைவர்களின் கண்ணில் பட்டதோ அந்த மதிலே. மேற்கே செங்கம் கணவாயைக் கடந்து மைசூர்ப் பக்கமிருந்து இறங்கி வரும் படைக்கு இவ்வூரே வாசல். வழிபாட்டுத் தலம் கோட்டையாயிற்று. 1753க்கும் 1791க்கும் இடையில் இவ்வூர் பத்து முறை முற்றுகையிடப்பட்டு, ஆறு முறை கைப்பற்றப்பட்டதாக ஆங்கிலேயர் காலத்து விவரச்சுவடி கூறுகிறது.

இவற்றுள் சில முற்றுகைகள் ஓர் உலகப் போரின் கிளைகள். 1756இல் ஐரோப்பாவில் மூண்ட ஏழாண்டுப் போர் அமெரிக்கக் காடுகளிலும் நம் தென்னார்க்காட்டு வயல்களிலும் ஒருங்கே நடந்தது. 1757இல் திருவண்ணாமலை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1760இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மறு ஆண்டு சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. வென்றவர்கள் அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். நம் மக்கள் சம்பா கோவில் என்றழைக்கும் ஆலயமும் தப்பவில்லை. இன்று நாம் காணும் கட்டடம் 1791இல் நிறைவுற்றது.

1763 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிசில் சமாதானம் கையெழுத்தாயிற்று. கனடாவும் புளோரிடாவும் கைமாறிய அதே ஆவணத்தின் பதினோராம் பிரிவில் நம் நாட்டுக் கதை அடங்கிவிட்டது. 1749ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த வணிகத் தலங்கள் அவர்களுக்கே திரும்பும். அதன் பின் அவர்கள் சேர்த்த நிலங்கள் யாவும் போய்விடும். முகமது அலியே கருநாடகத்தின் முறையான நவாபு. சலாபத் ஜங்கே தக்காணத்தின் முறையான சுபேதார். ஊரார் எவரையும் கேட்டு எழுதிய வரிகள் அல்ல இவை.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டியது சலாபத் ஜங்கின் பெயரை. பாரிசில் மை உலர்ந்தபோது அவர் ஆட்சியிலேயே இல்லை! 1762லேயே அவருடைய தம்பி நிஜாம் அலி அவரைப் பதவியிறக்கிச் சிறையிலிட்டிருந்தார். இரு பேரரசுகளும் அங்கீகரித்த அந்த மனிதர், ஒப்பந்தமான அதே 1763இல் பீதர்க் கோட்டையில் கைதியாகவே மாண்டார். கடலுக்கு அப்பால் செய்தி கப்பலேறிச் செல்ல மாதங்கள் ஆகும் என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் தாம் அறியாத நாட்டுக்கு அரசரை நியமிக்கத் துணிந்தவர்களை அது முழுவதும் விடுவித்துவிடுமா?

1765இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. ஆனால் அமைதி திரும்பவில்லை. பாரிசு ஆவணத்தில் பெயர் இடம்பெறாத இருவர், நிஜாம் அலியும் மைசூரின் ஐதர் அலியும், 1767இல் கைகோத்துக் கணவாய் வழியே இறங்கினர். செப்டம்பர் தொடக்கத்தில் செங்கத்தருகே அவர்களைத் தடுத்து நின்ற கும்பினித் தளபதி ஜோசப் சுமித், உணவு கிடைக்குமென்று நம்பித் திருவண்ணாமலைக்கு வந்தார். நவாபு தரப்பினர் வாக்களித்த தானியம் அங்கே இல்லை. முறையான நவாபு என்று உலகமே ஒப்பிய ஒருவரின் களஞ்சியம் அது. பசித்த படை கிழக்கே உணவு தேடி அலைந்தது. அப்படை கடந்து சென்ற ஊர்களில் எதை விட்டுவைத்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அம்மாதக் கடைசியில் மலையடிவாரத்தை ஒட்டி நடந்த போரில் கும்பினியார் வென்றனர்.

1769இல் சென்னையில் ஐதருடன் ஓர் உடன்படிக்கை. பிடித்த இடங்களை இரு தரப்பாரும் திருப்பித் தருவதென்றும், ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதென்றும் முடிவு. மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கும்பினியார் அந்த வாக்கைக் காக்கவில்லை. 1780இல் ஐதர் மீண்டும் இறங்கி வந்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். 1784இல் மங்களூரில் மற்றோர் உடன்படிக்கை. மீண்டும் பழைய எல்லைகளே. அடுத்த போரில் திப்பு சுல்தான் இவ்வூரைக் கைப்பற்றினார்.

1792இல் சீரங்கப்பட்டணத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கையே இங்கு எல்லையை நிலையாக மாற்றியது. திப்புவின் நாட்டில் பாதி பறிபோயிற்று. அவருடைய மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். செங்கம் கணவாய்க்கு அப்பாலிருந்த பாரமகால் கும்பினியார் வசமானது. அதன்பின் எல்லை மேற்கே நகர்ந்தது. கணவாய் வாசலாக இருந்தது போய் வெறும் பாதையாயிற்று. பெங்களூர் செல்லும் பேருந்துகள் இன்று அவ்வழியே போகின்றன.