இறப்பர்–அரிசி ஒப்பந்தம்

இலங்கையும் சீன மக்கள் குடியரசும் 1952 டிசெம்பர் 18 அன்று பெய்ஜிங்கில் கைச்சாத்திட்ட ஐந்தாண்டு வணிக உடன்படிக்கை இது. ஆண்டுதோறும் சீனா 2,70,000 மெட்ரிக் தொன் அரிசியையும், இலங்கை 50,000 மெட்ரிக் தொன் இறப்பரையும் தருவது என்று முடிவாயிற்று.

கொரியப் போர் மூண்டதும் உச்சிக்கேறிய இறப்பர் விலை 1952இல் சரிந்தது. அரிசியோ விலையேறியது; பணம் கொடுத்தாலும் போதிய அளவு கிடைக்கவில்லை. கூப்பனுக்கு மலிவு விலையில் அரிசி வழங்கிவந்த கொழும்பு அரசை இவ்விரண்டும் ஒருசேரத் தாக்கின. சீனாவின் சிக்கல் வேறு. கொரியப் போரில் இறங்கிய அந்நாட்டுக்குப் போர்ப் பயனுள்ள பொருள்களை விற்பதற்கு எதிராக 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியிருந்ததால், பிரித்தானியரின் பிடியிலிருந்த மலாயாவின் இறப்பர் அதற்குக் கிட்டவில்லை.

இலங்கையை அத்தீர்மானம் கட்டுப்படுத்தவில்லை. இலங்கையை ஐ.நா.வில் சேரவிடாமல் சோவியத் ஒன்றியம் தன் தடுப்பதிகாரத்தால் மறித்துவந்தது. 1955இல்தான் இடம் கிடைத்தது. மாஸ்கோ அடைத்த கதவே பெய்ஜிங்குக்கு வழிவிட்டது எனலாம்.

பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசு கம்யூனிச எதிர்ப்பை வெளிப்படையாகப் பேசிய அரசு. முதலில் அது அமெரிக்காவையே நாடியது, விலை படியவில்லை. அதன்பின் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க தலைமையில் தூதுக்குழு சீனா சென்றது. இறப்பருக்குச் சந்தையைவிடக் கூடிய விலை தரச் சீனா இசைந்தது. சீனாவுக்குப் போர்ப் பயனுள்ள சரக்கு அனுப்பும் நாடுகளுக்கு உதவியை மறுக்கும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, அமெரிக்கா இலங்கைக்குப் பொருளுதவியை மறுத்தது. அவ்வுதவி 1956இல்தான் வந்தது.

ஒப்பந்தத்தால் அரிசி வந்தது. ஆனால் அரசின் மானியச் சுமை தீரவில்லை. 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஓகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது; ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார்.

சீனாவின் புதிய அரசை இலங்கை 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்திருந்தும், தூதரக உறவு ஏற்பட்டது பிரதமர் பண்டாரநாயக்க காலத்தில், 1957இல். அவ்வாண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது இறப்பருக்கான மேல்விலை நீங்கியது. ஈடாக இறப்பர் மறுநடுகைக்குச் சீனா உதவி அளித்தது. கொழும்பில் ஆட்சிகள் மாறி மாறி வந்தபோதும் ஒப்பந்தம் 1982 வரை புதுப்பிக்கப்பட்டுவந்தது.