முயலகன் என்னும் நோய்

திருச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருவாசி. தேவாரத்தில் இதன் பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். இந்த ஊர்க் கோயிலில், நடராசரின் காலடியில் வழக்கமாகக் கிடக்கும் குள்ளப் பூதமான முயலகன் இல்லை. ஒரு பாம்பின் மேல் ஆடுகிறார்.

முயலகன் போனது எங்கே என்பதற்கு ஊரார் சொல்லும் கதையின் வேர் பெரியபுராணத்தில் இருக்கிறது. சம்பந்தர் காலத்தில், அதாவது 7ஆம் நூற்றாண்டில், கொல்லி மழவன் என்ற தலைவனின் மகளை முயலகன் என்ற நோய் பிடித்தது. இன்று நாம் வலிப்பு, காக்காய் வலிப்பு என்று சொல்கிறோமே, அதுதான். வடமொழியிலும் நோய்க்கும் அந்தக் குள்ளப் பூதத்துக்கும் அபஸ்மாரம் என்ற ஒரே பெயர். வைத்தியம் எதுவும் பலிக்காமல், மகளைச் சன்னதியில் கொண்டுவந்து கிடத்திவிட்டான் மழவன். உள்ளே வந்த சம்பந்தர், உணர்விழந்து தரையில் கிடந்தவளைப் பார்த்தார். பதிகம் பாடினார். பெண் எழுந்தாள்.

அந்தப் பதிகத்தில் என்னை உலுக்குவது அற்புதம் அல்ல. இந்தப் பெண்ணை இப்படி வாடவிடுவது உமக்குத் தகுமா என்று பாட்டுக்குப் பாட்டு இறைவனையே கேட்கிறார் சம்பந்தர். நோயாளியின் மேல் பழி இல்லை.

இந்தக் கருணை எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. கி.மு. 18ஆம் நூற்றாண்டுப் பாபிலோனில் ஹமுராபியின் சட்டம், விலைக்கு வாங்கிய அடிமைக்கு ஒரு மாதத்துக்குள் ‘பென்னு’ நோய் கண்டால் விற்றவனிடமே திருப்பிவிடலாம் என்றது. கொடுத்த வெள்ளி கைக்கு வந்துவிடும். பென்னு என்பது வலிப்பு என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ரோமாபுரியில், வெட்டுண்டு விழுந்த கிளாடியேட்டரின் சூடான ரத்தத்தைக் குடித்தால் வலிப்பு தீரும் என்று நம்பினார்கள். பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

நம் தெருக்களில் அந்த இடத்தில் சாவிக்கொத்து. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அதற்குள் யாராவது சாவியைக் கையில் திணித்திருப்பார்கள், பேர் இரும்புக்குப் போய்விடும். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கத்தான் ஆள் இருக்காது.

மூளையில் நிகழும் திடீர் மின்கிளர்ச்சியே வலிப்பு என்று லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1870களிலேயே விளக்கிவிட்டார். பினோபார்பிட்டோன் மாத்திரை 1912இல் வந்தது. இவ்வளவுக்குப் பிறகு, 1976இல், இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி ஒரு வரியைச் சேர்த்தோம்: அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வருபவரின் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். பிரிட்டனின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த வாசகம் அது. அவர்கள் 1970களின் தொடக்கத்திலேயே கைவிட்டதை நாம் எடுத்துக்கொண்டோம். பாபிலோனில் அடிமைக்கு ஒரு மாதக் கெடு. இங்கே மணமான பெண்ணை நீதிமன்றம் வழியாகத் திருப்பி அனுப்ப வழி.

1999இல் ‘வலிப்பு’ என்ற சொல்லை அந்தச் சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் நீக்கியது. இன்று வலிப்பு மட்டும் காரணமாக ஒரு திருமணம் செல்லாமல் போகாது. ஆனாலும் பெண் பார்க்க வருகிறவர்களிடம் நோயை மறைக்கிறார்கள். கல்யாணமான பின் மாத்திரை அட்டையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் மருந்தையே நிறுத்திவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். சில நேரம் அடங்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.