பூனையிடமிருந்து நாய்க்குத் தாவிய வைரஸ்: கொஞ்சம் நீளமான இழை

தூத்துக்குடியில காய்ச்சலுக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்த அம்மா ஒருத்தங்க கேட்டாங்க: "டாக்டர், வீட்ல ரெண்டு மாசக் குட்டிநாய் வாந்தி எடுத்து, ரத்தமா கழிஞ்சு செத்துப்போச்சு. பக்கத்து வீட்லயும் அப்படித்தான். பிள்ளைக்கு ஒட்டிக்கிடுமா?"

ஒட்டாதுங்க. அவங்க சொன்ன அறிகுறிகளுக்கு அது பார்வோ வைரஸா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மனுஷங்களுக்கு வர்றது பி19னு வேற பார்வோ. பேர்தான் ஒண்ணு.

நான் மனுஷங்க டாக்டர்தான். ஆனா இந்த வைரஸோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1970களுக்கு முன்னாடி நாய்களுக்கு இந்த நோயே கிடையாது. பூனைகளைக் கொன்னுட்டிருந்த பான்லூக்கோபீனியா வைரஸ் வகையில, மேலுறைப் புரதத்துல சில சின்ன மாற்றங்கள். அவ்வளவுதான், நாயோட செல் கதவு திறந்துருச்சு. 1978-ல் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியான்னு கிட்டத்தட்ட ஒரே சமயத்துல வெடிச்சது. ரெண்டே வருஷத்துல உலகம் பூரா. எந்த நாய்க்கும் எதிர்ப்பு சக்தி இல்ல. பச்சைக் குட்டிகளுக்கு இதயமே நின்னுபோச்சு.

நம்ம ஊர் துறைமுக ஊர். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை, கப்பல் ஏறும் முன்னாடி பக்கத்துல தட்டப்பாறை முகாம்ல நிறுத்தி வச்சாங்க, பிளேக்கும் காலராவும் கடல் தாண்டக் கூடாதுன்னு. (அந்த முகாம்களோட கதைக்குத் தனி இழையே வேணும்.) ஆளை நிறுத்தினா நோயையும் ஓரளவு நிறுத்தலாம். பார்வோ அப்படி இல்ல. நாய் பயணமே பண்ண வேண்டாம், நம்ம செருப்புல ஒட்டின மலம் போதும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணுல மாசக்கணக்கா வீரியத்தோட கிடக்கும்.

முதல்ல தடுப்பூசி இல்லாம, பூனைக்கான ஊசியையே நாய்க்குப் போட்டாங்க. ஓரளவு காப்பாத்துச்சு! அப்புறம் கார்னெல் பல்கலைக்கழகத்துல கார்மைக்கேல், ஆப்பெல் ரெண்டு பேரும் நாய்க்குன்னே தடுப்பூசி உருவாக்கினாங்க. இந்தியாவுல நோயோட ஆரம்பகாலப் பதிவுகள் 1980களின் தொடக்கத்துல, சென்னையிலிருந்து.

"ஒரு ஊசி போட்டிருந்தோமே டாக்டர்?" நல்ல கேள்வி. தாயோட சீம்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல இருக்கிற வரை ஊசி மருந்தையும் அதுவே அழிச்சிரும். அது எந்த வாரம் குறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, 16 வாரம் ஆகுற வரைக்கும் சில வார இடைவெளியில திரும்பத் திரும்பப் போடச் சொல்றாங்க.

சானிடைசர் இதுகிட்ட பலிக்காது. அழுக்கை நல்லாக் கழுவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணி கலந்து தரையில ஊத்தி 10 நிமிஷம் விடுங்க.

கிளம்பும்போது அந்தம்மா கேட்டாங்க, வேற குட்டி வாங்கலாமான்னு. இப்போதைக்குக் குட்டி வேணாம்மா, ஊசி முழுசா போட்ட பெரிய நாயாப் பாருங்க, எதுக்கும் கால்நடை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கன்னு சொல்லி அனுப்பினேன்.