அவையில் எண்ணுவதா, அரண்மனையில் எண்ணுவதா? மலேசியாவில் பெரும்பான்மையை அறியும் முறை, 1966–2022

மலேசிய மாமன்னரை ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் கூடித் தங்களுக்குள்ளிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பது அவர் கடமை. ஆனால் பிரதமரை நியமிப்பதையும், நாடாளுமன்றத்தைக் கலைக்க இசைவு மறுப்பதையும் 1957ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் அவருடைய முடிவுக்கே விட்டிருக்கிறது. மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் யாரைக் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக நியமிக்க வேண்டும் என்கிறது 43ஆவது பிரிவு. அந்த முடிவுக்கு அவர் எப்படி வர வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. மாநிலங்களிலும் இதே நிலைதான். சொல்லாமல் விட்ட அந்த இடத்தை நீதிமன்றங்களும் அரண்மனைகளும் எப்படி நிரப்பின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் சோதனை சரவாக் மாநிலத்தில் வந்தது. 1966 ஜூனில் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானுக்கு ஆதரவில்லை என்று 21 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம் ஆளுநரிடம் போனது. அவையைக் கூட்டிப் பாருங்கள் என்றார் நிங்கான். ஆளுநர் கேட்கவில்லை, பதவி நீக்கினார். நைஜீரியாவின் மேற்கு மண்டலத்தில் இதேபோல் கடிதத்தை நம்பி நடந்த பதவி நீக்கத்தை 1963இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றிருந்தது. கூச்சிங் உயர் நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. நம்பிக்கை போனது அவையில் நடக்கும் வாக்கெடுப்பில்தான் தெரிய வேண்டும் என்று தீர்ப்பளித்து, நிங்கானை மீண்டும் பதவியில் அமர்த்தியது. சில நாட்களிலேயே கூட்டரசு அவசரகாலம் அறிவித்து, மாநில அரசமைப்பைத் திருத்தி, அவையைக் கூட்டி அவரை வீழ்த்தியது. ஆள் தோற்றார், நெறி நின்றது. அதைச் சுமார் நாற்பதாண்டு கழித்துப் பேராக் மாநிலம் உலுக்கியது.

2008 தேர்தலில் பேராக்கின் 59 இடங்களில் மக்கள் கூட்டணி 31, தேசிய முன்னணி 28. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் மக்கள் கூட்டணி உறுப்பினர்கள் மூவர் அதை விட்டு விலகி, தேசிய முன்னணிக்கு ஆதரவு என்றார்கள். கணக்கு தலைகீழானது. மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) நிஜார் ஜமாலுடின் சட்டமன்றத்தைக் கலைக்கக் கோரினார். சுல்தான் அஸ்லான் ஷா, அரியணை ஏறுமுன் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் உறுப்பினர்களை நேரில் அழைத்துப் பேசி, கலைக்க மறுத்தார். நிஜாரைப் பதவி விலகச் சொன்னார். பிப்ரவரி 6 அன்று சம்ரி அப்துல் காதிர் பதவியேற்றார். அதுவரை அவை கூடவே இல்லை.

மார்ச் 3 அன்று அவைத்தலைவர் வ. சிவகுமார் சட்டமன்றத்தைக் கூட்டினார். ஈப்போவில் கட்டடத்தின் வாயில் பூட்டிக் கிடந்தது. போலீசார் வழி மறித்தனர். மக்கள் கூட்டணி உறுப்பினர்கள் அருகிலிருந்த ஒரு மரத்தடிக்குப் போய் அங்கேயே கூடி, நிஜாருக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றினர். அந்த மரத்துக்கு ‘ஜனநாயக மரம்’ என்று பெயர் வந்தது. மே 7 அன்று மண்டபத்துக்குள் அவை கூடியபோது சிவகுமார் இருக்கையிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டார். அரச உரை நிகழ்த்த வந்த பட்டத்து இளவரசர் ராஜா நஸ்ரின் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

நிஜார் தொடுத்த வழக்கும் அப்படியே ஆடியது. மே 11 அன்று உயர் நீதிமன்றம் நிஜாரே மந்திரி பெசார் என்றது. மே 22 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9 அன்று கூட்டரசு நீதிமன்றம் முடித்துவைத்தது: நம்பிக்கை இழந்ததை அறிய அவை வாக்கெடுப்பு ஒன்றே வழி அல்ல, வேறு சான்றுகளாலும் அறியலாம். நிங்கான் வழக்கின் நெறி அன்றோடு வலுவிழந்தது. சட்டத்தின் சொற்களுக்கு இத்தீர்ப்பு பொருந்தலாம். ஆனால் மூடிய அறையில் சொல்லும் ஆதரவுக்கு வாக்காளர் முன் பொறுப்பேற்பவர் யாரும் இல்லை என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை என்பது என் கருத்து.

அந்த வாசல் திறந்ததன் விளைவு கூட்டரசிலும் தெரிந்தது. 2020 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் பதவி விலகியதும், மாமன்னர் சுல்தான் அப்துல்லா மக்களவை உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். மார்ச் 1 அன்று முகிதீன் யாசின் பிரதமரானார். மே 18 அன்று ஒரே நாள் கூடிய மக்களவை அரச உரையைக் கேட்டுவிட்டுக் கலைந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்துக்கே வரவில்லை. 2021 ஆகஸ்டில் முகிதீன் பதவி விலகியதும் உறுப்பினர்கள் தங்கள் ஆதரவு யாருக்கு என்று எழுதி அரண்மனைக்கு அனுப்பினர். 114 பேர் ஆதரவுடன் இஸ்மாயில் சப்ரி பதவியேற்றார். புதிய பிரதமர் அவையில் நம்பிக்கை வாக்குக் கோர வேண்டும் என்று அப்போது சொன்னவர் மாமன்னரே. அது நடக்கவில்லை.

2022 நவம்பர் தேர்தலில் 222 இடங்களில் யாருக்கும் 112 கிடைக்கவில்லை. 82 பெற்ற பக்காத்தான் ஹராப்பான் தலைவர் அன்வார் இப்ராகிமை நவம்பர் 24 அன்று மாமன்னர் நியமித்தார். டிசம்பர் 19 அன்று அன்வார் மக்களவையில் நம்பிக்கை வாக்குக் கோரி வென்றார். 1966இல் நிங்கான் கேட்டது ஒருவழியாக அவைக்குத் திரும்பியது. ஆனால் அது குரல் வாக்கெடுப்பு. ஆதரித்தவர் எத்தனை பேர் என்று அன்றும் எண்ணப்படவில்லை.