கிரிக்கெட் புள்ளிவிவரச் செயலிகள்

கிரிக்கெட் அணிகளின் ஆட்ட விவரங்களைப் பந்துவாரியாகப் பதிந்து ஆராய உதவும் மென்பொருள்கள். ஸ்கோர் புத்தகத்தின் இடத்தை இவை பிடித்துவருகின்றன. இந்தியாவில் பரவலாக அறியப்பட்டது அகமதாபாதில் உருவான கிரிக்ஹீரோஸ். உத்திரமேரூர் போன்ற பகுதிகளின் ஊர் அணிகள் பொங்கலையொட்டி ஆடும் டென்னிஸ் பந்துப் போட்டிகளைப் பதியவும் ஒரு கைபேசி போதும்.

செயல்முறை: ஒவ்வொரு பந்துக்கும் வீசியவர், ஆடியவர், ஓட்டம், உதிரி, விக்கெட் ஆகியவை உள்ளிடப்படுகின்றன. சராசரி, ஸ்ட்ரைக் ரேட், எகானமி ஆகியவற்றைச் செயலியே கணக்கிடும். கையால் போடும் கணக்கில் நேரும் பிழைகள் இதனால் குறைகின்றன. சான்றாக, 3.4 ஓவர் என்பது 22 பந்துகள். அதில் 30 ஓட்டம் கொடுத்தவரின் எகானமி 8.18; 3.4 ஆல் நேரடியாக வகுத்தால் 8.82 எனத் தவறாக வரும். வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் கணக்கில் சேரும்; பை, லெக் பை சேரா.

பயன்கள்: அணித் தேர்வு, ஆட்ட வரிசை, எதிரணி வீரரின் பலவீனம் அறிதல்.

வரம்புகள்: ஒரே வீரர் இரு பெயர்களில் பதிவானால் கணக்கு சிதறும். டென்னிஸ் பந்து, தோல் பந்து ஆட்டங்களைக் கலந்தால் ஒப்பீடு பொருளற்றது. சில ஆட்டங்களை மட்டும் வைத்துத் திறனை முடிவுசெய்ய முடியாது.